இருபத்தேழாம் நம்பர் தட்டு

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத நீளமான அறை ஒன்று உண்டு. ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கேதான் கழுவப்பட்டு, காய்ந்து, எண்ணப்பட்டு, நம்பர் போட்ட தட்டுகளில் அடுக்கி இரட்டைத் துணியில் கட்டப்பட்டு, நீராவியில் வெந்து மேலே போகும். ஆவி அறை என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே பதினேழு வருஷமாக வேலை பார்த்தவளுக்கு ஆவி அக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள் யாராவது கீழே வந்து, "இங்க ஆவி இருக்காமே" என்றால், "நான்தான். ஆறு மணிக்கு மேல வீட்டுக்குப் போயிடுவேன், பயப்படாதீங்க" என்பாள்.

கை சுத்தமானவள் என்று பேர் எடுத்தவள். அந்தப் பேச்சு இரண்டு அர்த்தத்திலும் அவளுக்குப் பொருந்தும். கழுவ வந்த தட்டில் ஒரு தடவை டாக்டர் ஒருவரின் மோதிரம் கிடந்தது. லிஃப்ட் வேலை செய்யாத நாள். மூன்று மாடி ஏறிப்போய், மூச்சு வாங்க, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது தடுத்ததும் இல்லை. தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த எண்ணம் அதுதான்: நான் தப்பு பண்ணுகிற ஆள் இல்லை.

அறையின் சுத்தப் பகுதியில் அவளுக்குத் துணையாக ஒரு பெண் இருந்தாள். வேறு நாட்டுக்காரி. முப்பது வயதிருக்கும். வந்து இரண்டு வருஷமாகியும் அவளுக்குப் பெயர் 'புதுசு'தான். பாஷையைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவள், சுருக்கமாகத்தான் பேசுவாள். இந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் அவள் இந்த நாட்டில் இருக்கலாம் என்று அவளுடைய காகிதத்தில் எழுதியிருந்தது.

சேர்ந்த முதல் மாதத்திலேயே புதுசு ஒரு தட்டைக் கீழே போட்டாள். தரையெல்லாம் இடுக்கிகள் சிதறிக் கிடக்க, நடுவில் நின்று அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். கழுவும் பகுதியில் இருந்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திமிரப் பாரு" என்றார்கள். அரைமணி நேரம் கழித்து ஆவி அக்கா பாத்ரூமுக்குப் போனபோது, அதே பெண் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூசிப் போனால் இவளுக்கு முகம் சிரிக்கும் என்று அன்றைக்கே ஆவி அக்காவுக்குப் புரிந்துவிட்டது. யாரும் கேட்காததால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஆவி அக்கா பன்னிரண்டு தட்டுகளை நீராவி எந்திரத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றப் போகிற தட்டுகளின் நம்பரை முதலிலேயே தாளில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டுவிடுவது அவள் பழக்கம். ஏற்றி முடித்த பிறகு எழுத வேண்டும் என்பது விதி. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பிசகாததால் அந்த விதியை அவள் கண்டுகொள்வதில்லை.

பதினோரு தட்டு உள்ளே போயிற்று. கடைசித் தட்டு, இருபத்தேழாம் நம்பர், கையில் இருந்தபோது மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது. சுத்தப் பகுதிக்குள் போன் கொண்டு வரவே கூடாது. ஆனால் முந்தின நாளிலிருந்து தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். ஆவி அக்கா கையில் இருந்த தட்டைப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். ஒரு நிமிஷத்துக்குத்தான்.

"அக்கா, நான் உன் வீட்டு வாசல்ல நிக்கறேன். பெட்டியோட வந்துட்டேன். சாவி எங்க வச்சிருக்க?"

"என்னடி ஆச்சு?"

"நேர்ல சொல்றேன். இனிமே அந்த மனுஷனோட இருக்க முடியாது."

நாலு நிமிஷம் பேசினாள். போனை வைத்துவிட்டு, மனசெல்லாம் வீட்டு வாசலில் இருக்க, எந்திரத்தின் கதவைச் சாத்தி இறுக்கினாள். அவள் தட்டை வைத்த அலமாரி, வெந்து முடிந்து மேலே போகத் தயாரான தட்டுகளுக்கானது.

பத்து நிமிஷத்தில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இருபத்தேழாம் நம்பரைக் கேட்டார்கள். புதுசு அலமாரியில் இருந்து எடுத்து லிஃப்டில் அனுப்பினாள். தட்டைக் கட்டிய துணியை மூடுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவி பட்டால் அவை கறுத்துவிடும். உள்ளேயும் அதே மாதிரி ஒரு காகிதத் துண்டு வைத்திருப்பார்கள். அனுப்பும் முன் புதுசு டேப்பைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மேலே பிரித்த நர்ஸும் பார்க்கவில்லை. மேஜையில் படுத்திருந்தவர் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். வயிற்றைத் திறந்து, தட்டிலிருந்து இரண்டு இடுக்கியை எடுத்துப் போட்ட பிறகுதான் அந்த நர்ஸின் கண்ணில் உள்ளே இருந்த காகிதம் பட்டது. கோடுகள் கறுக்கவே இல்லை.

அந்தச் செய்தி கீழே வந்தபோது எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டேகால் மணிக்குக் கதவைத் திறந்து ஆவி அக்கா தட்டுகளை எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். தாளில் பன்னிரண்டு இருந்தது. கடைசி வரியில் அவளுடைய கையெழுத்தில் இருபத்தேழு.

அடுத்து நடந்ததைப் பற்றி அவளால் பின்னாளிலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. யோசித்ததாக ஞாபகம் இல்லை என்பாள். கை தானாகப் போய் இன்னொரு தாளை எடுத்தது. பதினோரு நம்பரை எழுதியது. நேரம் போட்டது. கையெழுத்துப் போட்டது. பழைய தாளை நாலாக மடித்து மேலங்கிப் பைக்குள் திணித்தது. புதுத் தாளை அட்டையில் செருகிவிட்டு அவள் திரும்பியபோது, ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு, நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டரின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். மேஜையில் அந்தக் கறுக்காத காகிதத் துண்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பக்கத்தில் புதுத் தாள்.

"எந்திரத்துல ஏத்தின லிஸ்ட்ல இருபத்தேழு இல்ல. அப்ப அது இன்னும் கட்டற மேஜையிலதான் இருந்திருக்கணும்" என்றார் பெரிய சிஸ்டர். புதுசைப் பார்த்தார். "நீ எங்கேருந்து எடுத்த?"

"அலமாரி" என்றாள் புதுசு.

"அலமாரிக்கு எப்படி வரும்? அக்கா, நீ வச்சியா?"

ஆவி அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் வந்த அழுகை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய சிஸ்டரின் முகம் இளகியது.

"சரி, சரி. உன்னைச் சொல்லல." மறுபடி புதுசின் பக்கம் திரும்பினார். "மேஜைக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாம எடுத்திருக்க. டேப்பையாவது பாத்தியா?"

புதுசு இல்லை என்று தலையை ஆட்டினாள். "பாக்கல." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. பல் தெரிய, நன்றாகவே வந்தது.

பெரிய சிஸ்டர் சேரில் பின்னால் சாய்ந்தார். குரல் தாழ்ந்தது. "மாடியில ஒரு மனுஷன் வயித்துல தையலோட படுத்திருக்கான். சீழ் வைக்குமா, ரத்தத்துல கலக்குமான்னு மூணு நாள் பாக்கணும்னு டாக்டர் சொல்றார். அவன் பொண்டாட்டி வெளிய உக்காந்திருக்கா. உனக்குச் சிரிப்பு வருது."

புதுசின் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. அதை அடக்கப் பார்க்கிறாள் என்பது, அவள் கன்னம் துடித்ததில் ஆவி அக்காவுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

"இவளைப் பாரு. தன் மேல தப்பே இல்ல, இருந்தும் மனசு கேக்காம அழறா. அதுக்குப் பேர்தான் மனசாட்சி" என்றார் பெரிய சிஸ்டர். "உன் விஷயம் வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பெரிய டாக்டர் முன்னாடி முடிவாகும். அதுவரைக்கும் கழுவற பக்கம் போ."

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கச்சி சமையலறைத் தரையில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னாள். ஆவி அக்கா காய் நறுக்கிக்கொண்டே 'ம்' கொட்டினாள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து வீட்டுக்காரர் வந்ததும், அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். தாளை மடித்ததைத் தவிர எல்லாவற்றையும்.

அவர் நல்ல மனுஷர். யோசித்துத்தான் பேசினார். "அந்தப் பொண்ணும் டேப்பைப் பாக்கலதானே? மேல இருந்த நர்ஸும் பாக்கல. மூணு பேர் தப்பு இது. நீ மட்டும் எதுக்குக் கழுத்தை நீட்டணும்?"

"அவளை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. இந்த நாட்டை விட்டே போகணும்."

"அனுப்பணும்னு நீயா சொன்ன? நீ பொய்யே சொல்லலியே. அழுதே, அவ்வளவுதான்."

அதுதான் அவளை அறுத்தது. உண்மையில் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பைக்குள் இருந்த தாள்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மேலங்கியைத் துவைக்கப் போடாமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, யூனிபாரத்துக்கெல்லாம் பூட்டா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை காலையில் வேலைக்குப் போகும் முன் நேராக இரண்டாம் மாடி வார்டுக்குப் போனாள். பூட்டு ரிப்பேர்க்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். விரல் நகங்களில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. கட்டில் காலில் தொங்கிய அட்டையில் ஜுரக் கோடு சமமாக ஓடியிருந்தது. அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் பாதத்தைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நர்ஸா?"

"கீழ வேலை பாக்கறேன். எப்படி இருக்காருன்னு பாக்க வந்தேன்."

"ஏதோ சாமான் சுத்தமா இல்லையாம். யாரோ ஒரு வெளிநாட்டுப் பொண்ணு பண்ணின வேலையாம். சிரிச்சுதாம்ல, அது." அவள் குரல் உடைந்தது. "எங்க வீட்டுக்காரர் ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சாக்கூட ராப்பகலா தேடுவார். இங்க உசிரு கையில இருக்கு, சிரிக்குது."

"சரியாயிடும்மா" என்று முணுமுணுத்துவிட்டு ஆவி அக்கா படியில் இறங்கினாள். ஒரே நாளில் அந்தச் சிரிப்பு கீழ்த்தளத்தில் இருந்து இரண்டாம் மாடி வரை ஏறியிருந்தது.

மத்தியானம் கழுவும் பகுதியில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். புதுசு மட்டும் முழங்கை வரை ரப்பர் கையுறையோடு தொட்டியின் முன் நின்றாள். அவளிடம் பேச வேண்டும் என்று ஆவி அக்கா திட்டமிட்டுப் போகவில்லை. கால் போயிற்று.

"சாப்பிடலியா?"

"பசி இல்ல." புதுசு குழாயை மூடினாள். திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். இப்போது முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. "நான் டேப் பாக்கல. அது என் தப்பு. எனக்கு ரொம்ப வெட்கம். ஆனா தட்டு அலமாரியில இருந்தது. நான் வைக்கல."

ஆவி அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அப்பவே தெரியுமா உனக்கு?"

"அங்க நம்ம ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"பெரிய சிஸ்டர்கிட்ட ஏன் சொல்லல?"

புதுசு கொஞ்ச நேரம் வார்த்தை தேடினாள். "எங்க ஊர்ல, கூட வேலை செய்யற பெரியவங்க தப்பை சின்னவங்க சொல்ல மாட்டாங்க. மேல உள்ளவங்க முன்னாடி சொல்லவே மாட்டாங்க. பெரியவங்களே சொல்லுவாங்க. அவங்க சொல்ற வரைக்கும் நாங்க காத்திருப்போம்."

"சொல்லலேன்னா?"

புதுசு உண்மையாகவே யோசித்தாள். "அப்படி யாரையும் நான் பாத்ததில்ல" என்றாள்.

அதில் குத்தல் இருந்திருந்தால் ஆவி அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இல்லை. ஒரு விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள். கையுறையைச் சரிசெய்துகொண்டு மறுபடி குழாயைத் திறந்தாள். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நாளைக்குப் பதினொரு மணி."

வியாழக்கிழமை காலையில் ஆவி அக்கா, பூட்டி வைத்திருந்த அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஒரு முடிவோடுதான் வந்தாள். அந்த முடிவுக்கு ஒரு ஓரத்தில் நிபந்தனையும் இருந்தது. அந்த மனுஷருக்கு ஜுரம் இல்லாவிட்டால் சொல்லிவிடலாம். ஒன்றும் ஆகாத தப்பைச் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. வார்டுக்குப் போனாள். அட்டையில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. நூற்றிரண்டு. மனைவியைக் காணோம். ஒரு நர்ஸ் அவர் கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண் திறந்திருந்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார்.

வெளியே நடைபாதைக்கு வந்து நின்றாள். இப்போது சொன்னால், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அது தன் தலையில். சொல்லாவிட்டால் அது இன்னொருத்தியின் தலையில், அவள் ஏதோ ஒரு விமானத்தில் ஏறிப் போய்விடுவாள், யாரும் கேட்க மாட்டார்கள். கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்ததைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இப்படி யோசிக்கிற ஒருத்தி இத்தனை வருஷமாகத் தனக்குள்ளே இருந்திருக்கிறாளா? பத்தேமுக்காலுக்குப் படி ஏற ஆரம்பித்தாள். நாலாம் மாடி.

பெரிய டாக்டரின் அறையில் பெரிய சிஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். புதுசு கதவோரம் நின்றாள். ஆவி அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"இருபத்தேழாம் நம்பரை அலமாரியில வச்சது நான்தான் டாக்டர்."

பெரிய சிஸ்டர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "அக்கா, உன் மனசு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு மேல இரக்கப்பட்டு உன் தலையில இழுத்துப் போட்டுக்காத."

"இரக்கம் இல்ல சிஸ்டர்."

"நீ அப்படிப்பட்டவ இல்லேன்னு இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்களோ என்னவோ. கண் காய்ந்து கிடந்தது, முகம் மரத்துப்போயிருந்தது. தான் செய்த குற்றத்தைத் தானே நிரூபிக்க வேண்டிய நிலை. மேலங்கிப் பைக்குள் கையை விட்டாள். நாலாக மடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்துப் பிரித்தாள்.

"இதுதான் முதல்ல எழுதினது. நேரம் பாருங்க. போன் வந்துச்சு, பேசினேன், தட்டை மறந்துட்டேன். எண்ணிப் பாத்ததும் புரிஞ்சுது. உடனே வேற தாள் எழுதி வச்சேன். அன்னிக்கு உங்க முன்னாடி நின்னப்ப இது என் பையிலதான் இருந்துச்சு."

பெரிய டாக்டர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பெரிய சிஸ்டரின் கை அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கை தன்னை விட்டு விலகியதுதான் அவளுக்கு உறைத்தது.

"இவங்க வச்சதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று டாக்டர் புதுசிடம் கேட்டார்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

புதுசு ஆவி அக்காவைப் பார்த்தாள். "இப்ப அவங்க சொல்லிட்டாங்க" என்றாள்.

"அப்ப எதுக்கு அன்னிக்குச் சிரிச்ச?" பெரிய சிஸ்டரின் கேள்வியில் இன்னும் கோபம் இருந்தது. கோபம் இப்போது யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

புதுசின் முகம் மறுபடி அந்தச் சிரிப்புக்குப் போகப் பார்த்தது. ஆவி அக்காதான் பேசினாள். "அவளுக்குக் கூசினா அப்படித்தான் வரும் சிஸ்டர். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். அதையும் சொல்லல."

தட்டை மறந்ததைச் சொன்னதைவிட இதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. பெரிய டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். நடைபாதை பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள்.

ஆவி அக்காவுக்கு, போன் கொண்டுபோனதற்கும் தட்டை மறந்ததற்கும் எச்சரிக்கை மட்டும்தான். தாளை மாற்றி எழுதியதற்கு இரண்டு மாதம் தற்காலிக வேலை நீக்கம், அதன் பிறகு சுத்தப் பகுதியில் இடமில்லை, கழுவும் பகுதிதான். புதுசுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், டேப்பைப் பார்க்காததற்கு. மேலே பிரித்த நர்ஸுக்கு, காகிதத்தைக் கண்டுபிடித்ததற்காக ஏற்கனவே பாராட்டு எழுதிவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்குவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆவி அக்கா இரண்டாம் மாடியில் இறங்கினாள். பூட்டு ரிப்பேர்க்காரரின் மனைவி வார்டு வாசலில் நின்றாள். ஆவி அக்கா நடந்ததை நாலு வாக்கியத்தில் அவளிடம் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள்.

"நேத்து வந்து நின்னீங்களே. 'சரியாயிடும்மா'ன்னு சொன்னீங்களே" என்றாள். "போங்க. இந்தப் பக்கம் வராதீங்க."

ஆவி அக்கா போனாள். அந்த ஜுரம் வயிற்றுக் காயத்தால் வந்ததல்ல, மயக்க மருந்துக்குப் பிறகு நெஞ்சில் கட்டிய சளியால் வந்தது என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, ஒண்ணுமே ஆகல. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். தங்கச்சி அவரை முறைத்தாள். ஆவி அக்கா இருவருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது கீழ்த்தளத்தில் ஆளுக்கொரு பேச்சு. சிலர் முன்பைவிட மரியாதையாக நடந்தார்கள். சிலர் அவள் கழுவிய தட்டை இரண்டு தடவை எண்ணினார்கள். பெரிய சிஸ்டர் வேலை விஷயத்துக்கு மட்டும் பேசினார். ஆவி அறை ஜோக்கை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சுத்தப் பகுதியை இப்போது புதுசு பார்த்துக்கொண்டாள். இரண்டு பகுதிக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னத் திறப்பு. கழுவியதை அதன் வழியாகத்தான் அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அவர்கள் தோழிகள் ஆகிவிடவில்லை. புதுசு அவளை 'அக்கா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வேறெந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஆவி அக்கா அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் திறப்பின் வழியாக ஒரு தட்டு திரும்பி வந்தது. கூடவே புதுசின் முகம்.

"கத்தரி. பிடி சேர்ற இடத்துல பழுப்பா இருக்கு. மறுபடி கழுவணும்."

ஆவி அக்கா கத்தரியை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். கடுகளவு இருந்தது.

"ஆமா" என்றாள். தூரிகையை எடுத்துக்கொண்டு குழாயைத் திறந்தாள்.